அடுத்த கதை எங்கள் சர்ச் ஹாலில் இருக்கிறது

பிபிசி, ஐடிவி, சேனல் 4 ஆகிய பிரிட்டிஷ் தொலைக்காட்சிகளில் எந்த நாடகத்தை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கம்.

நான் வெஸ்ட் யார்க்‌ஷரில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். இந்த நாட்டுக்கு வந்து 15 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் எனக்கு நன்றாகவே வரும். மருந்தின் அளவு, வலி எங்கே, எப்போதிலிருந்து என்பதற்கெல்லாம் அது போதும். ஆனால் ஒரு நாடகம் என் மனதை என்ன செய்தது என்று சொல்ல வேண்டுமானால் தமிழில்தான் வார்த்தை வருகிறது. அதனால் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். என் மகன் ஆங்கிலமாக்கி உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் நம் ஆட்கள் படிக்கட்டும்.

ஒரு கதையை நாடகமாக எடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் நன்றி சொல்ல வேண்டும். நான் இங்கே வந்த புதிதில் வார்டில் ஒரு முதியவரிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "நொபட் மிட்லிங்" என்றார். எனக்குப் புரியவில்லை. ஏதோ புது அறிகுறி என்று நினைத்து, ஷிப்ட் மாறும்போது கொடுக்கும் ஹேண்டோவர் தாளில் அப்படியே எழுதி வைத்தேன். "ஏதோ இருக்கேன், பரவாயில்லை" என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று சீனியர் நர்ஸ் பிறகு சொன்னார். பாடப் புத்தகத்தில் படித்த ஆங்கிலத்துக்கும் இந்தப் பள்ளத்தாக்குகளில் பேசுகிற ஆங்கிலத்துக்கும் நடுவே ஒரு பெரிய ஆறு ஓடியது. அதைக் கடக்க எனக்குப் பாலம் போட்டுக் கொடுத்தது, இதே பள்ளத்தாக்குகளில் நடக்கும் பிபிசியின் போலீஸ் நாடகம் 'ஹேப்பி வேலி'.

2014இல் தொடங்கி, 2016இல் இரண்டாவது தொடர் வந்து, அப்புறம் ஏழு வருடம் காத்திருந்து 2023இல் முடிந்த நாடகம். அந்தக் காத்திருப்பு எனக்கு மிகவும் பிடித்தது. நாயகியின் பேரன் ரையன் வளர வேண்டும் என்பதற்காக எழுத்தாளர் சாலி வெய்ன்ரைட் பொறுத்திருந்தார். அதே பையன், அதே நடிகன், பதின்வயதுக்காரனாகத் திரும்பி வந்தான். வேறு முகத்தைப் போட்டு ஒப்பேற்றவில்லை. முதல் தொடர் தொடங்கும்போது, மேலே பெட்ரோலை ஊற்றிக்கொண்டு நிற்கும் ஓர் இளைஞனிடம் நாயகியான போலீஸ் சார்ஜண்ட் கேத்தரின் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். வயது 47, விவாகரத்தானவள், தங்கையோடு இருக்கிறேன், அவள் ஹெராயினிலிருந்து மீண்டு வருகிறாள், இரண்டு பிள்ளைகளில் ஒன்று இல்லை, இன்னொன்று என்னோடு பேசுவதில்லை, ஒரு பேரன் இருக்கிறான். கடைக்காரரிடம் அரை கிலோ வெங்காயம் கேட்கிற குரலில் இதைச் சொல்வார். எங்கள் வார்டுக்கு வரும் பெண்கள் தங்கள் பெரிய துக்கங்களை அதே குரலில்தான் சொல்கிறார்கள். கேத்தரினாக நடித்த சாரா லங்காஷர் அந்தக் குரலை எங்கிருந்து பிடித்தார் என்று எனக்குத் தெரியும். நான் அதை நாள்தோறும் கேட்கிறேன்.

இதில் எனக்கு இன்னொரு சொந்தக் காரணமும் உண்டு. சென்னையில் நர்சிங் படித்தபோது என் குமரித் தமிழைக் கேட்டு "நீ மலையாளியா?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறந்தாலே விடுதி அறையில் சிரிப்பு. இரண்டு வருடத்தில் என் பேச்சை இஸ்திரி போட்டு நேராக்கிக்கொண்டேன். அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் பழைய தமிழ் வரும். அப்படிப்பட்ட எனக்கு, ஒரு வட்டாரப் பேச்சை வேலைக்காரருக்கோ கோமாளிக்கோ கொடுக்காமல் கதையின் நாயகிக்கே கொடுத்திருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமாகப் படவில்லை. வெளிநாட்டுக்கு விற்க வேண்டும் என்பதற்காக இந்தப் பேச்சுகளை வழவழவென்று தேய்த்துவிடாதீர்கள். எனக்குப் புரியாவிட்டால் சப்டைட்டில் போட்டுக்கொள்வேன். இன்றும் போட்டுக்கொண்டுதான் பார்க்கிறேன்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஜனவரி 1, புத்தாண்டு இரவு. பகல் ஷிப்ட் முடித்து வந்து கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஐடிவியில் 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்'. நான்கு இரவு தொடர்ச்சியாக வந்தது. ஹொரைசன் என்ற கணினி அமைப்பு தவறாகக் கணக்குக் காட்ட, அதை நம்பித் துணை அஞ்சலகம் நடத்தியவர்கள் மேல் திருட்டுப் பட்டம் கட்டிய கதை. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வாங்கினார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விவகாரம் அன்றைக்கு எனக்குப் புதிது அல்ல. கம்ப்யூட்டர் வீக்லி பத்திரிகை 2009லேயே இதை எழுதியிருந்தது. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கு 2019 டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. அன்று நீதிமன்ற வாசலில் அழுதுகொண்டே சிரித்தவர்களைச் செய்தியில் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குக்கரை அடுப்பில் வைக்கப் போனேன். அவ்வளவுதான். அந்த முகங்களில் ஒன்றுகூட அடுத்த நாள் என் நினைவில் இல்லை.

நாடகத்தில் ஜோ ஹாமில்டன் வருகிறார். ஹாம்ப்ஷரில் சவுத் வார்ன்பரோ என்ற சின்னக் கிராமத்தில் கடையும் அஞ்சலகமும் நடத்துகிறவர். மோனிக்கா டோலன் நடித்திருக்கிறார். ராத்திரி கணக்கு முடிக்கும்போது பணம் குறைகிறது. உதவி எண்ணுக்குப் போன் செய்கிறார். அவர்கள் சொன்னபடி பொத்தானை அழுத்துகிறார். கண் முன்னாலேயே அந்தப் பற்றாக்குறை இரண்டு மடங்காகிறது. அந்த இடத்தில் நான் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டேன். நானும் நாள் முழுக்க ஒரு திரையை நம்பி வேலை செய்கிறவள். மருந்தைக் கொடுத்தேன் என்று நான் சொல்வதும் திரை சொல்வதும் வேறாக இருந்தால் யாரை நம்புவார்கள்? இத்தனை வருடச் செய்திகளில் எனக்குத் தோன்றாத இந்தக் கேள்வி அந்த ஒரு காட்சியில் தோன்றியது.

அப்புறம் அந்த வாக்கியம். ஒவ்வொருவரும் போன் செய்து கேட்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில்: வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லை, உங்களுக்கு மட்டும்தான். வேல்ஸில் ஒருவருக்கு, ஹாம்ப்ஷரில் ஒருவருக்கு, யார்க்‌ஷரில் ஒருவருக்கு என்று தனித்தனியாக இதையே சொன்னார்கள். ஒரு மனுஷியை உள்ளுக்குள் உடைக்க இதைவிடப் பெரிய ஆயுதம் தேவையில்லை. கணக்குத் தப்பா, நம் புத்திதான் தப்பா என்று ராத்திரி முழுக்க யோசிக்க வைத்துவிடும்.

அதனால்தான் அந்த ஹால் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. வார்விக்‌ஷரில் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமம். 2009இல், பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான ஆலன் பேட்ஸ் அங்கே ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்கிறார். பேட்ஸாக நடித்த டோபி ஜோன்ஸும் அவர் துணைவியாக நடித்த ஜூலி ஹெஸ்மண்ட்ஹால்ஷும் வெறும் ஹாலில் காத்திருக்கிறார்கள். யாராவது வருவார்களா என்றே தெரியாது. ஒருவர் வருகிறார், பிறகு இன்னொருவர். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், ஒரே கதையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். "எனக்கு மட்டும்தான்" என்று நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு முகமும் மாறுகிறது. பெரிய வசனம் எதுவும் இல்லை. டீயும் பிஸ்கட்டும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். நான் சத்தமாக அழுதேன். தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்து, ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

நாடகம் முடிந்து ஆறாவது நாள், ஜனவரி 10 அன்று, தண்டனை பெற்றவர்களை ஒட்டுமொத்தமாக விடுவிக்கச் சட்டம் கொண்டுவருவதாகப் பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தார். மே 24 அன்று அது சட்டமாகிவிட்டது. அஞ்சலகத்தின் முன்னாள் தலைவர் பாலா வெனல்ஸ் தனக்குக் கிடைத்த சிபிஇ என்ற அரச கௌரவப் பட்டத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். பல வருடம் செய்தியாகக் கிடந்தது நான்கே இரவில் ஒவ்வொரு வீட்டின் கதையாகவும் ஆகிவிட்டது. இதை நீங்கள் செய்தீர்கள். எழுத்தாளர் க்வினெத் ஹியூஸும் அந்த நடிகர்களும் தயாரித்தவர்களும் செய்தார்கள். எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

ஆனால் ஒரு குறை உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் தெருமுனையில் ஒரு கடை. பால், ரொட்டி, லாட்டரிச் சீட்டு, மூலையில் கண்ணாடி போட்ட அஞ்சலக கவுன்டர். நடத்துகிறவர் யாழ்ப்பாணத்துத் தம்பி. நான் ஊருக்குப் பார்சல் அனுப்பப் போனால் "அக்கா, இது ரெண்டு கிலோவுக்கு மேல வருது, ஏதாவது எடுத்துவிடுங்கோ" என்று அக்கறையாகச் சொல்வார். நாடகம் வந்த மாதம் அவரிடம் "பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "பாதிதான் பார்த்தனான் அக்கா, மிச்சத்தைப் பார்க்க ஏலாமப் போச்சு" என்றார். அவர் கடையை வாங்கியது இந்தப் பிரச்சினைகளுக்கெல்லாம் பிறகுதான். அவருக்கு எதுவும் நடக்கவில்லை. இருந்தும் அந்த மாதத்திலிருந்து தினமும் கடை அடைக்கும்போது ஒரு கொப்பியில் கையால் கணக்கு எழுதி வைக்கிறார். 

இந்த நாட்டில் எத்தனை அஞ்சலக கவுன்டர்களுக்குப் பின்னால் நம் நிறத்து முகங்கள் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். பாதிக்கப்பட்டவர்களிலும் அவர்கள் நிறையப் பேர். விசாரணைக்கு ஆளானவர்களை இனவாரியாகப் பிரித்துக் குறிக்க, அஞ்சலகத்தின் புலனாய்வுப் பிரிவு மிகக் கேவலமான சொற்கள் கொண்ட பட்டியலை வைத்திருந்தது 2023இல் வெளியே வந்தது. அஞ்சலகமும் மன்னிப்புக் கேட்டது. நாடகத்தில் ஜஸ் சிங், சமன் கவுர் என்ற பாத்திரங்கள் இருந்தார்கள், அவர்களாக நடித்தவர்களும் நன்றாக நடித்தார்கள். ஆனால் கதை அவர்களுடையதாக இல்லை. சமன் உடைந்துபோவதைப் பார்த்தோம். அவருடைய சமையலறையில் அப்புறம் என்ன நடந்தது, குருத்வாராவில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஊரிலிருந்து போன் வந்தால் என்ன பொய் சொன்னார்கள் என்பதைப் பார்க்கவில்லை. சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2025 ஜூலையில் வெளியிட்ட முதல் அறிக்கை, இந்த விவகாரத்தால் 13 பேராவது தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று சொல்கிறது. அவமானம் நம் வீடுகளுக்குள் எப்படி நுழைகிறது என்பதற்குத் தனி நாடகமே எடுக்கலாம். நான்கு மணி நேரத்தில் எல்லாவற்றையும் வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். முடியாததை இன்னொரு நான்கு மணி நேரத்தில் வையுங்கள் என்கிறேன்.

மிஸ்டர் பேட்ஸ் வந்த அடுத்த மாதமே ஐடிவியில் 'பிரெத்டேக்கிங்' வந்தது. கோவிட் காலத்து மருத்துவமனை. முதல் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். அந்த அலாரம் சத்தம் என் அடிவயிற்றில் கேட்டது. மறுபடி பார்க்க மூன்று மாதம் ஆனது. முகக்கவசம் அழுத்திய கோடுகள், பத்து மணி நேரம் போட்டிருந்தால் மூக்கின் மேல் வரும் அந்தப் புண், எல்லாம் அப்படியே இருந்தது. அமைச்சர்கள் டிவியில் சொன்ன உண்மையான பேச்சுகளை நடுநடுவே வைத்திருந்தீர்கள். அவர்கள் சொன்னதற்கும் வார்டில் நடந்ததற்கும் உள்ள தூரத்தை வேறு எப்படியும் காட்டியிருக்க முடியாது. எழுதியவர்கள் பெயர் வந்தபோது எழுந்து உட்கார்ந்தேன். ரேச்சல் கிளார்க், ஜெட் மெர்குரியோ, பிரசன்னா புவனராஜா. மூவரும் மருத்துவம் படித்தவர்கள். புவனராஜா என்ற பெயரை ஐடிவி திரையில் அந்த எழுத்து வரிசையில் பார்ப்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. இந்த நாட்டில் கோவிடால் முதலில் இறந்த பத்து மருத்துவர்களும் வெள்ளையர் அல்லாதவர்கள். அந்தக் கதையில் நாங்கள் வார்டுக்குள் மட்டுமல்ல, எழுதும் மேசையிலும் இருந்தோம்.

அடுத்து 'அடலசென்ஸ்'. இது உங்களுடையது அல்ல, நெட்ஃபிளிக்ஸ் எடுத்தது. இருந்தாலும் உங்களிடம்தான் பேச வேண்டும்.

2025 மார்ச்சில் வந்தபோது என் மகனுக்கு வயது 13. அதில் கொலைக் குற்றத்துக்காகக் கைதாகும் பையன் ஜேமி மில்லருக்கும் 13. எங்கள் வீட்டிலிருந்து காரில் போகக்கூடிய தூரத்தில்தான் சில காட்சிகளை எடுத்திருக்கிறார்கள். அந்தத் தெரு, அந்தச் செங்கல் வீடு, படிக்கட்டில் விரித்த கம்பளம் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. காலை ஆறு மணிக்குப் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வர, படுக்கையில் ஒரு சிறுவன் பயத்தில் சிறுநீர் கழித்துவிடுகிறான். ஒவ்வொரு பாகத்தையும் வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் படமாக்கியிருக்கிறார்கள் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். வித்தைக்காக அதைச் செய்யவில்லை என்பதை நான் பார்த்தே புரிந்துகொண்டேன். கேமரா எங்கும் வெட்டாததால் நாமும் முகத்தைத் திருப்ப முடியவில்லை. வீட்டிலிருந்து வேன், வேனிலிருந்து ஸ்டேஷன் என்று அந்த அப்பா போகிற வழியெல்லாம் நாமும் கூடவே போகிறோம். ஒரு சாதாரணக் காலையிலிருந்து, கொலை பதிவான அந்த வீடியோ ஓடும் மேசை வரைக்கும் ஒரு மணி நேரம்தான்.

மூன்றாவது பாகத்தில் மனநல நிபுணராக எரின் டோஹர்ட்டியும் ஜேமியாக ஓவன் கூப்பரும் ஓர் அறையில் பேசுகிறார்கள். அவ்வளவுதான் அந்தப் பாகம். அந்தப் பையனுக்கு நடிப்பில் அதுதான் முதல் வேலை, முதலில் படமாக்கியதும் அந்தப் பாகம்தான் என்று பிறகு படித்தேன். குழந்தையாக இருப்பவன் ஒரு நொடியில் மிரட்டுகிற ஆணாக மாறி, மறுபடி குழந்தையாகிறான். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கியது. என் மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு இருக்கும் நேரங்கள் நினைவுக்கு வந்தன. நல்ல பிள்ளை, வீட்டில்தானே இருக்கிறான், வெளியே சுற்றவில்லையே என்று நிம்மதியாக இருந்தவள் நான். ஜேமியின் அம்மாவும் அப்பாவும் கடைசிப் பாகத்தில் கட்டிலில் உட்கார்ந்து இதைத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது பாகத்தில், வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டரின் மகன் ஆடம், எமோஜிகளுக்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கு விளக்குவான். மறுநாள் நானும் என் மகனிடம் கேட்டேன். முதலில் "அம்மா, ப்ளீஸ்" என்றான். பிறகு சொன்னான். அரை மணி நேரம் சொன்னான். அவன் வகுப்பில் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எதைக் கண்டு அவன் பயப்படுகிறான் என்று எனக்குத் தெரியாத ஒரு பள்ளிக்கூடமே அவன் போனுக்குள் இருந்தது. நாங்கள் இருவரும் அப்படிப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. இந்த ஒன்றுக்காகவே இதை எழுதிய ஜாக் தோர்னுக்கும் ஸ்டீஃபன் கிரகாமுக்கும் நான் கடன்பட்டவள்.

கொலையான சிறுமி கேட்டியைப் பற்றி என் மனம் இன்னும் ஆறவில்லை. ஜேமியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், கேட்டியை யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்று போலீஸ்காரி மிஷா நாடகத்துக்குள்ளேயே வருத்தப்படுவார். குறையைத் தாங்களே சொல்லிவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? கேட்டியின் அம்மா வீட்டில் ஒரு மணி நேரம் அந்தக் கேமரா வெட்டாமல் நின்றிருக்க வேண்டும். ஒரு பெண் பிள்ளையைப் பெற்றவள் அன்று காலை எந்தத் துணியை மடித்து எங்கே வைப்பாள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான். வெளிநாட்டில் யாருக்குப் புரியும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. மிஸ்டர் பேட்ஸ் நாடகத்தால் சுமார் 10 லட்சம் பவுண்டு நட்டம் என்று ஐடிவியே சொன்னது. நாட்டையே உலுக்கிய நாடகத்துக்கு நட்டம்! பிரிட்டிஷ் அஞ்சலகக் கதையை வேறு நாட்டில் யார் வாங்குவார்கள் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. ஆனால் 'அடலசென்ஸ்' என்ன? வடக்கு இங்கிலாந்துப் பேச்சு, ஒரு பிளம்பரின் வேன், ஓர் இரும்புச் சாமான் கடை. அமெரிக்க நட்சத்திரம் ஒருவரும் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி முதல் மூன்று மாதத்தில் 14 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. மார்த்தாண்டத்தில் என் அக்கா பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போன் செய்தாள். "அந்த அப்பா கடைசியில பொம்மைய படுக்க வச்சுப் போர்த்துனாம் பாத்தியா" என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் வைத்துவிட்டாள். யார்க்‌ஷர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

பணம் இல்லை என்பீர்கள். உண்மைதான். பிபிசியின் வரலாற்று நாடகமான 'உல்ஃப் ஹால்' இரண்டாவது பாகத்தை எடுத்து முடிக்க இயக்குநர் பீட்டர் கொஸ்மின்ஸ்கியும் நாயகனாக நடித்த மார்க் ரைலன்ஸும் தங்கள் சம்பளத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். வெளிப்புறக் காட்சிகளை வெட்டிவிட்டு அறைக்குள் நடக்கும் பேச்சாக மாற்றினார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குக் குறை தெரியவில்லை. ரைலன்ஸ் சும்மா நின்றாலே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அப்படி எத்தனை நடிகர்களிடம் கேட்க முடியும்? இங்கே சம்பாதிக்கும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் தங்கள் சந்தா வருமானத்தில் 5 சதவீதத்தைப் பிரிட்டிஷ் நாடகங்களுக்கான ஒரு நிதிக்குத் தர வேண்டும் என்று கொஸ்மின்ஸ்கி நாடாளுமன்றக் குழுவிடம் கேட்டார். அந்தக் குழுவும் 2025 ஏப்ரலில் அதையே பரிந்துரைத்தது. அதற்காக நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் நில்லுங்கள். நான் வருடாவருடம் டிவி லைசென்ஸ் கட்டணத்தை முணுமுணுக்காமல் கட்டுகிறேன். கூடக் கேட்டாலும், எதற்கு என்று தெரிந்தால் கட்டுவேன்.

பிபிசியின் 'டாக்டர்ஸ்' தொடரை 2024 நவம்பரில் நிறுத்தியதும் எனக்கு வருத்தம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வார்டில் பல பாட்டிமார் அதற்காகக் காத்திருப்பார்கள். 24 வருடம் பர்மிங்ஹாமிலிருந்து வந்தது. புது எழுத்தாளர்களும் நடிகர்களும் தொழில் கற்றுக்கொண்ட இடம். அந்தக் கதவை அடைத்துவிட்டால் அடுத்த வெய்ன்ரைட் எங்கே எழுதிப் பழகுவார்?

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹாலில் டீ கொடுப்போம். மூன்று வருடத்துக்கு முன்பு கேர் விசாவில் வந்த ஒரு பெண் முதல்முறையாக வந்தாள். 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் இந்த விசாவைத் திறந்துவிட்டார்கள் அல்லவா, அப்போது வந்தவர்களில் ஒருத்தி. ஊரில் நிலத்தை அடகு வைத்து ஓர் ஏஜெண்டிடம் சிஓஎஸ்ஸுக்கு, அதாவது வேலை கொடுக்கும் நிறுவனம் தருகிற ஸ்பான்சர் சான்றிதழுக்கு, பணம் கட்டியிருக்கிறாள். அதற்குப் பணம் வாங்குவதே தப்பு என்று அவளுக்குத் தெரியாது. வாரத்துக்கு 39 மணி நேரம் வேலை என்று தாளில் இருந்தது. வந்து பார்த்தால் சில வாரம் எட்டு மணி நேரம், சில வாரம் ஒன்றுமே இல்லை. ஏழு பேருக்கு ஒரு வீடு. கேட்டபோது அந்த நிறுவனத்தின் மேனேஜர் சொன்னாராம்: "மற்ற யாரும் குறை சொல்லவில்லையே, உனக்கு மட்டும்தான் பிரச்சினை."

அதைக் கேட்டதும் என் கையிலிருந்த டீ கப்பை மேசையில் வைத்துவிட்டேன். அந்த வாக்கியம் எனக்கு எங்கிருந்து தெரியும் என்று இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை, பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை அரசே ரத்து செய்தது. 39,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அந்த நிறுவனங்களை நம்பி இருந்தவர்கள். உரிமம் போனால், வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ள இவர்களுக்குக் கிடைப்பது 60 நாள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இவையெல்லாம் செய்தியில் வந்தவைதான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் குக்கர் வைக்கப் போனதுபோல நீங்களும் எழுந்து போயிருப்பீர்கள்.

இதை நாடகமாக எடுங்கள். எங்கள் மேல் பரிதாபப்படுகிற ஒரு வெள்ளைக்கார வக்கீலை நடுவில் நிறுத்தி எடுக்காதீர்கள். காலை ஐந்தரை மணிக்குப் பனியில் பஸ்ஸுக்கு நின்று, டிமென்ஷியா வந்த ஒரு பாட்டியைக் குளிப்பாட்டித் தலை வாரி, "நீ என் மகள்தானே?" என்று அவர் கேட்கும்போது "ஆமாம்" என்று சொல்லிவிட்டு வருகிற பெண்ணை நடுவில் வையுங்கள். அவள் அம்மாவிடம் போனில் தமிழில் பேசட்டும், மலையாளத்தில் பேசட்டும், ஜிம்பாப்வேயின் ஷோனாவில் பேசட்டும். நீங்கள் சப்டைட்டில் போடுங்கள். யார்க்‌ஷர் பேச்சுக்கு நான் போட்டுக்கொண்டேன், என் பேச்சுக்கு அவர்கள் போட்டுக்கொள்வார்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, எழுதிப் பழக இடம் கொடுங்கள்.

அந்தப் பெண் முதல்முறை வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒருத்திதான். அடுத்த வாரம் தன் வீட்டிலிருந்து இன்னொருத்தியை அழைத்து வந்தாள். அதற்கடுத்த மாதம் பக்கத்து ஊரில் வேறு நிறுவனத்தில் வேலை பார்க்கும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் "எங்களுக்கும் அதேதான் அக்கா" என்கிறார்கள். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், 14 பேர். நாற்காலி போதாமல் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளையும் எடுத்துப் போட்டோம்.

ஆராதனை பன்னிரண்டு மணிக்கு முடியும். ஹால் மூன்று மணி வரை திறந்திருக்கும். கேமரா எதுவும் வேண்டாம், உங்கள் ஆட்களில் ஒருவரை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புங்கள். டீ நான் போடுகிறேன்.

அன்புடன்,
வெஸ்ட் யார்க்‌ஷரிலிருந்து ஒரு நர்ஸ்